சிங்கப்பூர் சன்டெக்கில் மாநாடு: எங்கே தங்கலாம், விசா, ரயில், சைவச் சாப்பாடு?

காவிரிக்கரை:

வணக்கம். சிங்கப்பூர் சன்டெக் மாநாட்டு மையத்தில் நான்கு நாள் பொறியியல் மாநாடு. நானும் துறை நண்பர் ஒருவரும் திருச்சியிலிருந்து போகிறோம். இருவருக்கும் முதல் வெளிநாட்டுப் பயணம். ஒருவர் கட்டுரை வாசிக்கிறார், இன்னொருவருக்குச் சுவரொட்டி. செலவைக் கல்லூரி பிறகு திருப்பித் தரும், எல்லாவற்றுக்கும் ரசீது கேட்பார்கள். அறைக்கு இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 130 சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) மேல் கட்டுப்படியாகாது. இருவரும் சைவம், முட்டையும் கிடையாது.

மாநாட்டுத் தளம் காட்டும் ஓட்டல்கள் எல்லாம் 300 வெள்ளிக்கு மேல். வரைபடத்தில் பார்த்தால் ஜாலான் புசார் பக்கம் மலிவாக இருக்கிறது, சன்டெக்குக்கும் பக்கம்தான். அதையே போட்டுவிடலாமா? விசாவுக்கு எத்தனை நாள் முன்பு ஓட வேண்டும்? விமான நிலையத்திலிருந்து ரயிலில் போக முடியுமா?

---

தேக்காவாசி:

ஜாலான் புசாரில் பணம் கட்டும் முன் கொஞ்சம் பொறுங்கள். சிங்கப்பூரில் அறை தேடும்போது வரைபடத்தில் எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காதீர்கள், எந்த ரயில் தடத்தில் எத்தனையாவது நிலையம் என்று பாருங்கள்.

சன்டெக்குக்கு வழக்கமாக இறங்கும் நிலையங்கள் இரண்டு. டவுன்டவுன் தடமும் வட்டத் தடமும் சந்திக்கும் புரோமெனாட் ஒன்று, வட்டத் தடத்தில் அதற்கு அடுத்த எஸ்பிளனேட் இன்னொன்று. டவுன்டவுன் தடம் நகரின் நடுவில் ஒரு பெரிய கொக்கி போல வளைந்து தன்னையே தாண்டிப் போகும். லிட்டில் இந்தியா, ரோச்சோர், பூகிஸ், புரோமெனாட் என்று வரிசையாக வரும் அல்லவா, அங்கிருந்து பேஃபிரண்ட், டவுன்டவுன், தெலுக் ஆயர், சைனாடவுன், ஃபோர்ட் கேனிங், பென்கூலன் எல்லாம் சுற்றிவிட்டுத்தான் ஜாலான் புசாருக்கு வரும். ஆக, லிட்டில் இந்தியாவில் ஏறினால் மூன்றாவது நிலையம் புரோமெனாட். ஜாலான் புசாரில் ஏறினால் ஏழாவது. தரையில் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே சில தெருக்கள்தான்.

ஜாலான் புசாரில் நல்ல விலைக்கு அறை கிடைத்தால் எடுக்கலாம், தப்பில்லை. காலையில் ஜாலான் புசார் நிலையத்துக்குப் போகாமல் ரோச்சோர் நிலையத்துக்கு நடந்துவிடுங்கள், பத்து நிமிடம் பிடிக்கும். அங்கிருந்து இரண்டே நிலையம்.

சைவம் என்கிறீர்கள், அதனால் என் வாக்கு லிட்டில் இந்தியாவுக்குத்தான். சிராங்கூன் சாலையை ஒட்டிய கிளைத் தெருக்களில் (டன்லப், அப்பர் டிக்சன், கேம்பல் லேன்) சின்னச் சின்ன ஓட்டல்கள் நிறைய. முஸ்தபா கடை வளாகத்தின் பக்கம் தங்கினால் பக்கத்து நிலையம் ஃபேரர் பார்க். அது வடகிழக்குத் தடம், ஒரு நிலையம் வந்து லிட்டில் இந்தியாவில் தடம் மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு விடுமுறை நாள், பிற்பகலிலிருந்து இரவு வரை அந்தத் தெருக்களில் தோளோடு தோள் உரசும். அமைதி வேண்டுமென்றால் தெருவைப் பார்க்காத அறை கேளுங்கள். கேலாங் என்ற வட்டாரத்தில் மணிக்கணக்குக்கு விடும் ஓட்டல்களும் கலந்திருக்கும், விலையைப் பார்த்து மட்டும் அங்கே போட்டுவிட வேண்டாம்.

விலைக்கு வருவோம். "130++" என்று போட்டிருந்தால் அது 130 அல்ல. முதல் பிளஸ் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், இரண்டாவது அந்தக் கூட்டுத்தொகையின் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. மொத்தம் 19.9 விழுக்காடு கூடும், 130 என்பது 155.87 ஆகிவிடும். உங்கள் 130-க்குள் நிற்க வேண்டுமானால் பிளஸ் பிளஸ் போட்ட விலை 108-ஐத் தாண்டக் கூடாது. சில முன்பதிவுத் தளங்கள் கடைசிப் பக்கம் வரை வரியைக் காட்டாது.

அந்த விலையில் பல அறைகளுக்கு ஜன்னலே இருக்காது. விவரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அது ஏமாற்று வேலை இல்லை, இங்கே சாதாரணம். இருவர் என்பதால் "ட்வின்" என்று பார்த்து எடுங்கள். "டபுள்" என்றால் ஒரே கட்டில்தான், வந்தபின் மாற்றித் தர அவர்களிடம் அறை இருக்காது.

வீட்டு வாடகைத் தளங்களில் தெரியும் அடுக்குமாடி அறைகள் பக்கம் போகவே வேண்டாம். தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடுவது இங்கே சட்டவிரோதம். கல்லூரிக்குக் கொடுக்க ஒழுங்கான ரசீதும் வராது.

---

முத்திரை:

விசாவும் காகிதங்களும் பற்றி நான் சொல்கிறேன்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். நேரில் போய் நிற்கும் வேலை இல்லை, அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாகத்தான் போடுவார்கள். 14ஏ படிவம், குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி உள்ள கடவுச்சீட்டு, வெள்ளைப் பின்னணியில் 35-க்கு 45 மில்லிமீட்டர் படம், விமானச் சீட்டு, தங்கும் இடத்தின் முன்பதிவு, மாநாட்டு அழைப்புக் கடிதம், கல்லூரியின் கடிதம். அரசுக் கட்டணம் 30 வெள்ளி, விசா மறுக்கப்பட்டாலும் திரும்ப வராது. முகவரின் கூலி அதற்கு மேல். பொதுவாக மூன்று வேலை நாளில் முடிவு வரும், ஆனாலும் மூன்று நான்கு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். பெயர் எழுதும் விதத்தில்தான் நம்மூர்க்காரர்களுக்குச் சிக்கல் வரும். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருந்தால் விமானச் சீட்டு, அழைப்புக் கடிதம், விசா மூன்றிலும் பெயர் வெவ்வேறு வரிசையில் வந்து நிற்கும். அழைப்புக் கடிதம் கேட்கும்போதே கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

96 மணி நேரம் விசா இல்லாமல் தங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது மூன்றாவது நாட்டுக்குப் போகும் வழியில் இறங்குபவர்களுக்கு, அதுவும் குறிப்பிட்ட சில நாடுகளின் விசா கையில் இருந்தால்தான். திருச்சி, சிங்கப்பூர், திருச்சி என்ற பயணத்துக்குப் பொருந்தாது.

விசா வேறு, வருகை அட்டை வேறு. வருகை அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் ஆளுக்கொன்று நிரப்ப வேண்டும். குடிநுழைவு ஆணையத்தின் தளத்திலோ மைஐசிஏ செயலியிலோ போடுங்கள், முழுக்க இலவசம். தேடுபொறியில் மேலே வரும் விளம்பரத் தளங்கள் இதற்கு டாலர் கணக்கில் பணம் கேட்கும். பணம் கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

உங்கள் கல்லூரிக் கணக்குப் பிரிவுக்கு ஒரு விஷயம் முன்பே சொல்லி வையுங்கள்: சிங்கப்பூரில் கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்ற அனுமதி மின்னஞ்சலில் வரும். "நுழைவு முத்திரை நகல் எங்கே?" என்று பின்னால் கேட்பார்கள். அந்த மின்னஞ்சல், விமான ஏறுசீட்டின் அடிக்கட்டை, திருச்சியில் போடும் வெளியேற்ற முத்திரை மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். வருகை அட்டையில் மின்னஞ்சல் முகவரியைத் தப்பாகப் போட்டால் அந்தக் கடிதமும் வராது.

கட்டுரை வாசிப்பவர் கவனிக்க: மாநாட்டுக்கு வந்து கேட்டுவிட்டுப் போகிறவருக்கு எதுவும் தேவையில்லை. மேடையில் பேசுபவருக்கும் வேலை அனுமதி வேண்டாம். ஆனால் மனிதவள அமைச்சுக்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டிய வகையில் வரலாம். சிங்கப்பூருக்குள் நுழைந்த பிறகு, பேசுவதற்கு முன் செய்ய வேண்டியது அது. உங்கள் அமர்வுக்குத் தேவையா என்று அமைப்பாளரிடம் இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

நிதி மத்திய அரசுத் திட்டத்திலிருந்து வருகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் விமானச் சீட்டை பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி மூன்றில் ஒன்றில்தான் எடுக்கச் சொல்வார்கள். வேறு தளத்தில் மலிவாக எடுத்தால் பிறகு பில் திரும்பி வரும்.

---

இரும்புப்பாதை:

விமான நிலையத்திலிருந்து ரயில் உண்டு. சாங்கி நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு நடுவில். முதல் முனையத்தில் இறங்கினால் முனையங்களுக்கு இடையே ஓடும் ஸ்கைட்ரெயினில் வரலாம். நான்காம் முனையத்துக்கு ரயில் இல்லை, இலவசப் பேருந்தில்தான் மற்ற முனையத்துக்கு வர வேண்டும்.

சாங்கியிலிருந்து வரும் சின்னத் தடத்தில் எக்ஸ்போ, தானா மேரா என்று இரண்டே நிலையம். லிட்டில் இந்தியாவுக்கு இரண்டு வழி. தானா மேராவில் கிழக்கு மேற்குத் தடத்துக்கு மாறி, எட்டாவது நிலையமான பூகிஸில் இறங்கி, டவுன்டவுன் தடத்தில் இன்னும் இரண்டு நிலையம்: மொத்தம் 12 நிலையம், இரண்டு மாற்றம். அல்லது எக்ஸ்போவிலேயே டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் ஒரே மாற்றம், ஆனால் தேக்காவாசி சொன்ன கொக்கியைச் சுற்றி 24 நிலையம். பெட்டி கனமாக இருந்தால் இரண்டாவது வழியில் உட்கார்ந்தே வரலாம், நேரம் போகும். ஜாலான் புசாரில் அறை எடுத்தவருக்கு மட்டும் எக்ஸ்போ வழிதான் நல்லது: 14 நிலையம், ஒரே மாற்றம். அந்த ஊர் சன்டெக்குக்குச் சுற்று, விமான நிலையத்துக்குக் குறுக்கு!

இதையே திருப்பிப் பார்த்தால், மாநாடு சன்டெக்கில் இல்லாமல் சிங்கப்பூர் எக்ஸ்போ அரங்கில் என்றால் கணக்கு தலைகீழ். ஜாலான் புசார், பென்டமியர் பக்கம் தங்குவது லாபம், லிட்டில் இந்தியா என்றால் தடம் மாறாமல் போக 23 நிலையம். இரண்டு இடங்களின் பெயரையும் குழப்பிக்கொண்டு அறை போடுகிறவர்கள் உண்டு, அழைப்பிதழை இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.

ரயில் காலை ஐந்தரை வாக்கில் தொடங்கும். இரவு 11-க்கு மேல் இறங்கினால் நகரம் வரை இணைப்பு கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். டாக்சியில் நள்ளிரவு முதல் காலை 6 வரை மீட்டருக்கு மேல் 50 விழுக்காடு கூடும், விமான நிலையக் கூடுதல் கட்டணம் தனி.

கட்டணத்துக்கு டிக்கெட் வாங்க வேண்டாம், விசா அல்லது மாஸ்டர்கார்டு வங்கி அட்டையை வாசலில் தட்டினாலே போதும். ஒரு நடைக்குத் தூரத்தைப் பொறுத்து சுமார் ஒன்றேகால் முதல் இரண்டரை வெள்ளி. நம்மூர் அட்டையில் கதவு திறக்காததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: வெளிநாட்டுப் பயன்பாடு, தட்டிக் கட்டும் வசதி இரண்டும் வங்கிச் செயலியில் தனித்தனியாகத் திறந்து விட வேண்டியவை. ஒன்றை மட்டும் திறந்துவிட்டு வருவார்கள். வெளிநாட்டு அட்டைக்குப் பயன்படுத்தும் நாளுக்கு 60 காசு போல நிர்வாகக் கட்டணம் சேரும். எட்டு நாளுக்கு மேல் என்றால் 10 வெள்ளிக்கு இஸி லிங்க் என்ற பயண அட்டை வாங்கலாம், அதில் 5 வெள்ளி அட்டையின் விலை, மீதி 5 பயணத்துக்கு. சுற்றுலாப் பயணிகளுக்கான வரம்பற்ற அட்டை மாநாட்டுக்காரருக்குக் கட்டாது, காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடைதானே.

ஒரே அட்டையில் இரண்டு பேர் நுழைய முடியாது. ஏறும்போது கைப்பேசியைத் தட்டிவிட்டு இறங்கும்போது அதே வங்கியின் பிளாஸ்டிக் அட்டையைத் தட்டினாலும் கணக்கு தப்பாகிவிடும், இரண்டும் வேறு வேறு அட்டையாகத்தான் பதிவாகும். ரசீதுக்கு சிம்ப்ளிகோ செயலியில் பயண விவரம் எடுக்கலாம். ரயிலுக்குள் தண்ணீர் குடித்தாலும் அபராதம்தான்.

புரோமெனாடில் இறங்கினால் சி வாசல். அது சன்டெக் கோபுரங்கள் பக்கம் கொண்டுவிடும். மாநாட்டு மையம் வணிக வளாகத்தின் மறு கோடியில், உள்ளேயே எட்டுப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். எஸ்பிளனேட் ஏ வாசல்தான் மையத்துக்கு நெருக்கம். மழை என்றால் சிட்டி ஹால் நிலையத்திலிருந்தும் சிட்டிலிங்க் சுரங்க வளாகம் வழியாக நனையாமல் வந்துவிடலாம்.

---

காவிரிக்கரை:

மிக்க நன்றி. ஜாலான் புசார் முன்பதிவை நிறுத்திவிட்டேன். இன்னும் சில சந்தேகங்கள். எங்கள் விமானம் நள்ளிரவில் கிளம்புகிறது. சுவரொட்டி ஏ0 அளவு, அதை எப்படிக் கொண்டுவருவது? சாப்பாடு? இரத்த அழுத்த மாத்திரை, இருமல் மருந்து, வீட்டில் அரைத்த பொடி வகைகள் கொண்டுவரலாமா?

---

தேக்காவாசி:

நேரக் கணக்கு: பறப்பு சுமார் நான்கு மணி, சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னால். நள்ளிரவு கிளம்பினால் இங்கே காலை ஆறரைக்கு இறங்குவீர்கள். அறை கொடுப்பது பெரும்பாலும் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கு. பெட்டியை ஓட்டலில் வைத்துவிட்டுப் போகலாம், குளிக்க முடியாது. மாநாடு அன்றே தொடங்கினால் முந்தைய நாளிலிருந்தே அறை போட்டு, "அதிகாலையில் வருவோம்" என்று ஓட்டலுக்கு எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் முதல் இரவு வராததால் முன்பதிவையே ரத்து செய்துவிடுவார்கள். செப்டம்பர் கடைசி, அக்டோபர் என்றால் ஃபார்முலா ஒன் பந்தயத் தேதியையும் பாருங்கள். ஓடுதளமே சன்டெக்கைச் சுற்றித்தான், அந்த வாரம் சாலைகள் மூடும், அறை விலை எகிறும்.

சாப்பாடு: பதிவுப் படிவத்தில் "சைவம்" என்று மட்டும் குறித்தால் சீனச் சைவம் வரலாம். பூண்டு வெங்காயம் இல்லாமல், பார்வைக்கு அசல் இறைச்சி போலவே இருக்கும் சோயா உணவு அது. "இந்தியச் சைவம், முட்டை இல்லாமல்" என்று எழுதுங்கள். வெளியே கீரை வதக்கல், காய்கறி நூடுல்ஸ் என்று வாங்கினால் பெலாச்சான் என்ற இறால் விழுது கலந்திருக்கும், கேட்காமல் வாங்காதீர்கள். லிட்டில் இந்தியாவில் கவலையே இல்லை. கோமள விலாஸ், ஆனந்த பவன் போலப் பல சைவக் கடைகள், தேக்கா சந்தைக் கட்டடத்தில் உணவங்காடி (பல கடைகள் சேர்ந்த உணவுக்கூடம்). உணவங்காடிகளில் சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துப் போய் வைக்க வேண்டும், இது சட்டம். காலி மேசையில் கைக்குட்டைக் காகிதப் பொட்டலம் கிடந்தால் யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். சில கடைகள் ரொக்கம் அல்லது உள்ளூர் வங்கிக் கணக்கில்தான் வாங்கும், 50 வெள்ளிக்குச் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், காலிப் புட்டி ஒன்று போதும்.

---

முத்திரை:

இரத்த அழுத்த மாத்திரை பிரச்சினை இல்லை. மூன்று மாதத்துக்கு மிகாமல், அசல் அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு கொண்டுவாருங்கள். இருமல் மருந்தில் கோடீன் இருக்கிறதா என்று பின்பக்கம் படியுங்கள். கோடீன், டிரமடால், அல்பிரசோலம், டயசெபம் போன்றவற்றுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும், குறைந்தது இரண்டு வாரம் முன்பே விண்ணப்பியுங்கள்.

பொடி வகைகளில் கசகசா இருக்கக் கூடாது. நம் சமையலறைப் பொருள்தான், ஆனால் இங்கே போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. குருமாப் பொடியில் சேர்த்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். மெல்லும் புகையிலை, குட்கா, மின் சிகரெட், சூயிங்கம் எல்லாம் தடை. சிகரெட்டுக்குத் தீர்வை விலக்கு ஒரு குச்சிக்கும் கிடையாது. மின் செருகி நம்மூர் உருண்டை முள் இங்கே நுழையாது, சதுர முள் மூன்று உள்ள பிரிட்டிஷ் வகை அடாப்டர் வாங்கி வாருங்கள். நம்மூர் சிம்மில் வெளிநாட்டுச் சுற்றலை (ரோமிங்) இயக்காமல் வந்தால் வங்கி ஓடிபி வராது, ஓட்டலில் பணம் கட்டும்போதுதான் அது தெரியும்.

---

ஏசீரோ:

சுவரொட்டிக் குழாய் கைப்பையாக ஏறுமா என்பது வாசலில் நிற்பவர் மனதைப் பொறுத்தது. ஏ0 என்றால் 841-க்கு 1189 மில்லிமீட்டர், சுருட்டினாலும் 84 சென்டிமீட்டர் நீளம் வரும். ஸ்கூட் விமானத்தில் கைப்பையின் மிக நீளமான பக்கம் 54 சென்டிமீட்டர்தான். மூன்று வழி உண்டு. துணியில் அச்சடித்தால் மடித்துப் பெட்டியில் வைக்கலாம், சுருக்கத்தை ஓட்டல் இஸ்திரியை மிதமான சூட்டில் வைத்துப் பின்பக்கமாகத் தேய்த்தால் போகும். குழாயைப் பெட்டியோடு சரக்கில் போடலாம், அதற்குச் சரக்கு எடை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். அல்லது இங்கேயே அச்சடிக்கலாம்: பென்கூலன் தெருப் பக்கம் சன்ஷைன் பிளாசாவில் அச்சுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ரோச்சோரிலிருந்தும் பென்கூலனிலிருந்தும் நடக்கும் தூரம். ஞாயிறு பெரும்பாலும் மூடியிருக்கும், சனி பாதி நாள்தான். மாநாடு திங்கள் காலை தொடங்கினால் வெள்ளிக்கிழமைக்குள் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பி விலை பேசிவிடுங்கள்.

கோப்பு பிடிஎஃப் ஆகவும் தமிழ் எழுத்துரு ஏதும் இருந்தால் உள்ளேயே பதித்தும் இருக்கட்டும், இல்லாவிட்டால் கடைக் கணினியில் கட்டம் கட்டமாக வரும். அச்சடிக்கும் முன் மாநாட்டுப் பலகை நிமிர்ந்ததா படுத்ததா என்று கேளுங்கள். அகலவாக்கில் அடித்த ஏ0-வை ஒரு மீட்டர் அகலப் பலகையில் ஒட்ட முடியாது.